தொட்டியின் மூடிமேல் ஒரு நாற்காலி

பணி ஓய்வுக்குப் பிறகு என்னிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. கேட்காமலே சொல்வதை நானும் நிறுத்தவில்லை. அக்கா மகன் மூக்கண்டப்பள்ளியில் இரும்புப் பாகங்களைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்தும் சிறிய பட்டறை வைத்திருக்கிறான். உலைக்கு எரிபொருள் ஃபர்னஸ் ஆயில். தரைக்கடியில் புதைத்த தொட்டியில் கசடு சேர்ந்துவிட்டதால், உள்ளே இறங்கிக் கழுவ ஒருவரை வரவழைத்திருந்தான். திங்கட்கிழமை உலையை மூட்டியாக வேண்டும். நான் காபி குடிக்கத்தான் போயிருந்தேன்.

சுத்திகரிப்பு ஆலையில் நான் கப்பலில் வரும் கச்சா எண்ணெயைப் பரிசோதித்தவன். வளைகுடாச் சரக்கில் பெரும்பாலும் கந்தகம் அதிகம். காய்ச்சிப் பிரித்தபின் பெட்ரோல், டீசலிலிருந்து அதை எடுக்கப் பெரும்பாடு படுவோம். அடியில் தங்கும் கறுப்புக் குழம்புக்கு அந்த மரியாதை இல்லை. கந்தகத்தோடு சேர்த்தே ஃபர்னஸ் ஆயிலாகப் போய்விடும். மூடிய தொட்டியில் அது கிடந்தால், அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு சேரும்.

வந்தவர் கெலமங்கலத்துக்காரர். மூடியைத் திறந்து குனிந்தவர் முகத்தைச் சுளித்தார். சற்றுப் பொறுத்து மறுபடி குனிந்துவிட்டு, நாற்றம் அடங்கிவிட்டது, இறங்குகிறேன் என்றார்.

நாற்றம் எங்கும் போவதில்லை. அந்த வாயு கூடும்போது முதலில் சாவது மூக்கு. அடுத்தது மூக்குக்கு உரியவர்.

மூடியை இழுத்து மூடி, அதன்மேல் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"மாமா, இது உங்க ரிஃபைனரி இல்லைங்க. எந்திரிங்க."

"இங்க மட்டும் சாவுக்கு லீவா?"

பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து வாயு மீட்டரை இரவல் வாங்கி வரும்வரை நான் எழவில்லை. கயிற்றில் கட்டி இறக்கினோம். பாதி ஆழம் போகுமுன்பே அது அலறியது. அக்கா மகன், சரக்கு தாமதமாகும் என்று சொல்ல வாடிக்கையாளருக்குப் போன் போட்டான்.

கெலமங்கலத்துக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"போன வாரம் வேற கம்பெனில எறங்குனேன் சார். அங்கயும் இப்படித்தான் நாத்தம் நின்னுச்சு. அப்புறம் ரெண்டு நாளு ஒரே தலைவலி."

சற்று யோசித்தார்.

"நாளைக்கு அங்க இன்னொரு டேங்கு இருக்குதுங்க. தம்பிய அனுப்பறதா சொல்லியிருக்கேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் போனை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய்விட்டார். தெலுங்கில் நீளமாகப் பேசினார். போகாதே என்று சொன்னது மட்டும் எனக்குப் புரிந்தது. அதைப் பலமுறை சொன்னார்.