புஜாவதியின் கணவர் பெயர் மாற்றிக்கொண்ட வரலாறு

"பேருதானே! ஒரே தோள்ல ரெண்டு அரிசி மூட்டை ஏத்திக்கிட்டு நடக்கிறவன் நான். எனக்குக் கனமா இருக்கிற பேரு இன்னும் பொறக்கலை."

இதைச் சொன்னவர் பவிரோ. சொன்ன இடம் சந்தை முனைக் காப்பிக் கடை. கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. சந்தைச் சுமைகாரர்களின் தலைவரைப் பார்த்துச் சிரிப்பது உடம்புக்கு ஆகாது.

இந்த வீர உரைக்குக் காரணம் அவருடைய மனைவி சுதினா. அரண்மனையின் உள்கட்டில் பூவும் சாம்பிராணியும் ஏந்திப் போகும் வேலை அவளுக்கு. அந்த ஆண்டு அவளைத் துமெங்குங் என்ற பெரிய பட்டத்துக்கு உயர்த்துவதாக அரண்மனை அறிவித்தது. கூடவே 'புஜாவதி' என்று புதுப் பெயரும், பட்டத்துக்கு அடையாளமாக ஒரு குடையும். கணவன் வழியாக ஒட்டிக்கொண்டு வந்த பட்டமில்லை, அவளுக்கென்றே வந்தது. ஜாவாவில் ஓர் ஆண் துமெங்குங் ஆனால் அவன் மனைவியின் நடையே மாறிவிடும். பெண் துமெங்குங் ஆனால் அவள் கணவன் என்ன ஆவான் என்பதை மட்டும் எந்த அரண்மனையும் யோசித்து வைக்கவில்லை. இந்தக் குறையைக் கண்டுபிடித்த முதல் அறிஞர் பவிரோதான்.

அதுவரை தெருவில் அவளுக்குப் 'பவிரோ வீட்டம்மா' என்றே பெயர். அறிவிப்பு வந்த வாரமே ஒரு விருந்தில், "வாங்க, துமெங்குங் வீட்டுக்காரரே" என்று பவிரோவை வரவேற்று, தொழுகை நடத்தும் பெரியவருக்குப் பக்கத்துப் பாயில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்தப் பாயின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண் இருந்தது. கிடைத்த பிறகு கோழிக்கால் தொண்டையில் இறங்கவில்லை. தேங்காய் காறிப்போயிருந்தது என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அதே கோழியை நானும் சாப்பிட்டேன். தேங்காய் குற்றமற்றது.

பிறகு குடையின் மேல் பாய்ந்தார். "குடையாம் குடை. நானும்தான் மழையில நிக்கிறேன், எவன் பிடிக்கிறான்?" என்று மூங்கில் தட்டிக்கு அந்தப்புறமிருந்து என்னிடம் நியாயம் கேட்டார். நான் பக்கத்து வீடு. எங்களுக்கு நடுவில் இருந்தது அந்தத் தட்டி ஒன்றுதான். அதுவும் காதுக்கு இடைஞ்சல் செய்யாத நல்ல தட்டி.

பொறாமை மற்றவர்களை இளைக்க வைக்கும். பவிரோவை அது திட்டம் போட வைத்தது. எங்களில் பெயர் மாற்றுவது பெரிய காரியமில்லை. சிவப்புக் கஞ்சியும் வெள்ளைக் கஞ்சியும் காய்ச்சித் தெருவுக்குக் கொடுத்துவிட்டால் பழைய பெயர் போய்ப் புதுப் பெயர் வந்துவிடும். பவிரோ ஒரு பெயரை உருவாக்கினார்: ஜோயோசூர்யோகுசுமோ. வெற்றி, சூரியன், மலர் மூன்றும் அதில் அடக்கம். மனைவியின் பெயரைவிட நீளம் என்பதை விரல் விட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டார். எங்கள் தெருக்கிழவர் ஒருவர், பெயர் கனத்தால் ஆளைப் படுக்கப்போடும், எத்தனை பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்து பெயரை மாற்றியிருக்கிறோம் என்று எச்சரித்தார். மேலே கண்ட வீர உரை பிறந்தது அவருக்குச் சொன்ன பதிலாகத்தான்.

கஞ்சி கொடுத்தார். நாங்கள் குடித்தோம். அடுத்த சந்தையில் ஒரே ஒரு மூட்டையைத் தூக்கக் குனிந்த ஜோயோசூர்யோகுசுமோ நிமிரவில்லை. நான்கு சீடர்கள் அவரைத் தூக்கி வந்து பாயில் கிடத்தினார்கள். மாலைக்குள் காய்ச்சலும் வந்து சேர்ந்தது.

பெயர் கனத்துவிட்டது என்று தெரு முழுக்க ஒரே தீர்ப்பு. நோயாளி மட்டும் மேல்முறையீடு செய்தார். அவர் கண்டுபிடிப்பின்படி கனம் அவர் பெயரில் இல்லை. ஒரு கூரையின் கீழ் இரண்டு பெரிய பெயர்கள் இருப்பதில்தான் இருந்தது. ஒன்று வெளியேற வேண்டும். எது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

சுதினா அவர் முதுகில் எண்ணெய் தடவி, காய்ச்சல் இறங்க எங்கள் வழக்கப்படி காசால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டும் ஓசை நின்றது.

"ஏங்க, என் பட்டத்தைத் திருப்பிக் குடுத்தா உங்களுக்கு உடம்பு சரியாயிடுமா?"

"ஆயிடும்."

"அப்ப குடுத்துடறேன். வெள்ளிக்கிழமைதானே அரண்மனையில பட்டம் குடுக்கிறாங்க, அது வரைக்கும் பாப்போம். அன்னிக்கும் நீங்க எந்திரிக்கலேன்னா, நான் போகலை."

மறுபடி சுரண்டத் தொடங்கினாள். அவள் அழுதிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஆக, பட்டத்தின் கதி பவிரோவின் இடுப்பில் வந்து நின்றது. படுத்தே கிடந்தால் அவருக்கு வெற்றி. உலகில் இத்தனை சுலபமான வெற்றி எந்தத் தளபதிக்கும் வாய்த்ததில்லை. மனிதர் மனமாரப் படுத்துக் கிடந்தார். நான் பார்க்கப் போனபோதெல்லாம் முனகினார். நான் வெளியே வந்ததும் முனகல் நின்றது. ஆனால் காய்ச்சல் பொய்யில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

வெள்ளி விடிந்தது. அரண்மனைக்குக் கட்டிப் போக வேண்டிய சேலைத்துண்டும் ரவிக்கையும் மடித்தபடியே பெட்டி மேல் இருந்தன. சுதினா வீட்டுத் துணியில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். வெளியே பட்டம் வாங்கப் போகும் மற்ற பெண்களின் வண்டி வந்து நின்றது. அவள் வாசலுக்குப் போய், தன் வீட்டுக்காரருக்கு உடம்பு முடியவில்லை, நீங்கள் போங்கள் என்று மெல்லச் சொல்வது கேட்டது. குரலில் குறை எதுவும் இல்லை.

தட்டிக்கு அந்தப்புறம் பாய் சரசரத்தது. பிறகு பவிரோவின் குரல், மிகவும் எரிச்சலாக:

"பனைவெல்லம் இருக்கா?"

"எதுக்கு?"

"சிவப்புக் கஞ்சிக்கு. நான் பாத்துக்கறேன். நீ போய்ச் சேலையக் கட்டு. வண்டிய நிக்கச் சொல்லு."

வண்டி நின்றது. அவள் அவசரத்தில் கொண்டையைச் சரியாகச் செருகினாளா என்பது எனக்குத் தெரியாது. போய்விட்டாள் என்பது மட்டும் தெரியும்.

கொஞ்சம் பொறுத்து என் வாசலில் நிழல் விழுந்தது. இடுப்பில் ஒரு கையை ஊன்றி, மறு கையில் வாழையிலைக் கிண்ணத்தோடு அவர் நின்றிருந்தார். ஒரு பாதி சிவப்பு, ஒரு பாதி வெள்ளை. சிவப்பு அடிப்பிடித்திருந்தது.

"என்ன பேருக்கு?" என்று கேட்டேன். முறைப்படி கேட்க வேண்டும்.

அவர் தெருவைப் பார்த்தார்.

"பழசுக்குத்தான். ஆறிப்போகுது, வாங்கிக்கோ."