ஆணியில் தொங்கிய அட்டை

அம்மா இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. வட ஆற்காட்டிலிருந்து கன்னட நாட்டுத் தங்கச் சுரங்க வேலைக்கு வந்த குடும்பத்தில், மாரிகுப்பத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தவர். தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்க்க ஆள் வேண்டியிருந்ததால் தமிழ்ப் பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது.

லைனில் காகிதம் என்றாலே பயம். வேலைச் சீட்டோ ஆஸ்பத்திரிச் சீட்டோ, தொலைந்தால் அலைய வேண்டும் என்று எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். எனக்கு முன் பிறந்த அண்ணனின் தடுப்பூசி அட்டையையும் அம்மா அப்படித்தான் பூட்டி வைத்தார். ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசிக்கு வரச்சொல்லி அதில் கன்னடத்தில் எழுதியிருந்தது. அம்மாவுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. அட்டை பத்திரமாக இருந்தது. அண்ணன் ஒன்றரை வயதில் தட்டம்மையில் போய்விட்டான்.

யாரும் அம்மாவைக் குத்திக் காட்டவில்லை. அவர்தான் தன்னை விடவில்லை. நான் பள்ளியில் சேர்ந்ததும் என் கன்னடப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் அதட்டுவேன், அவர் சிரித்துக்கொண்டே அழித்து எழுதுவார். என் அட்டையும் தம்பியின் அட்டையும் வாசல் ஆணியில்தான் தொங்கின.

அதன்பின் லைனில் பிள்ளை பெற்றவர்களை அவர் நிம்மதியாக விட்டதில்லை.

"இன்னாம்மா, கார்ட பொட்டியில பூட்டிகினியா? ஊசி புள்ளைக்கா, பொட்டிக்கா? எடுத்துகினு வா, பாப்போம்."

கோபித்துக்கொண்டவர்களும் உண்டு, ஆனாலும் அட்டை வந்துவிடும். அடுத்த தேதியை அந்தத் தாயின் வாயாலேயே படிக்க வைத்துத்தான் அனுப்புவார். எழுத்தே தெரியாதவர்கள்கூட அந்த ஒரு வரியைப் படிக்கப் பழகினார்கள்.

சுரங்கம் மூடியது. பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்த அப்பாவும் மறைந்தார். படுக்கையில் விழுந்த பிறகும் அம்மா, என் தம்பி மகளின் அட்டையைக் கேட்டார்.

"இப்பல்லாம் போன்லயே வந்துடுது அத்தை" என்றாள் தம்பி மனைவி.

"வரட்டும். நீ பாத்தியா?"

அம்மாவின் காரியம் முடிந்து அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தோம். அடியில் அண்ணனின் அட்டை. தட்டம்மைக்கான காலிக் கட்டத்தில், அம்மாவின் கோணல் கன்னட எழுத்தில், "இன்றுதான் படித்தேன்" என்றிருந்தது. நான் அதட்டித் திருத்திய அதே எழுத்துகள். எனக்கு அழுகை அடங்கவில்லை.

எங்களைத் தாங்கிய உறவினர்களுக்கும், கடைசி நாட்களில் முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்த லைன் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனின் அட்டையைப் பெட்டிக்குள் திரும்ப வைக்கவில்லை. வாசல் ஆணியில் மாட்டியிருக்கிறோம்.