மாடம்பாக்கத்துப் படகின் உப்புக்கோடு

எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான். வீட்டில் விளக்கு தானாக அணைந்து எரிந்தால் அம்மா சாமி படத்தைப் பார்ப்பார், நான் ஸ்விட்ச் போர்டைக் கழற்றுவேன். பேய் என்று யார் சொன்னாலும் லூஸ் கனெக்‌ஷன் என்று முடித்துவிடுவேன். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன், நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

கடலை விட்டுத் தள்ளியிருக்கும் மாடம்பாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டு டேனியல் அண்ணா, பக்கத்துக் காலி மனையில் தன் கையாலேயே ஒரு பாய்மரப் படகு கட்டினார். அந்தமானுக்குத் தனியாகப் போகிற திட்டம். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா, தாம்பரத்தில் டீச்சர், ஒரே நிபந்தனைதான் போட்டார்: நடுக்கடலிலிருந்து தினமும் மெயில் வர வேண்டும், வருமென்று இங்கேயே காட்ட வேண்டும், இல்லையென்றால் பயணம் கிடையாது. கடைசி நாளும் வந்துவிட்டது, மறுநாள் காலை படகைத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போக டிரெய்லர் வருகிறது. பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்களுக்கான ஹாம் லைசென்ஸ் நான் வைத்திருந்ததால் வேலை என் தலையில்.

டவரே இல்லாத கடலிலிருந்தும் ரேடியோ அலையில் மெயில் அனுப்பலாம். பாய்மரத்திலிருந்து பின்பக்கம் இறங்கும் கம்பிதான் ஆன்டெனா. ஆனால் படகின் அடியில் பதித்த செப்புத்தகடு கடல்நீரைத் தொட்டால்தான் அது உருப்படியாக வேலை செய்யும். இதுவோ கட்டைகள் மேல் காய்ந்து நிற்கிற படகு. நானும் அண்ணாவும் படகின் காபினில் உட்கார்ந்து மதியம் முழுக்க முயன்றும் வெறும் இரைச்சல்தான்.

கீழேயிருந்து அக்கா, "என்னம்மா, லெட்டர் போச்சா? இல்ல, போஸ்ட் ஆபீஸுக்கு ஆட்டோ பிடிக்கட்டுமா?"

"கடல்ல இறக்கினா போயிடும்க்கா!"

"போகலன்னா? அவர் நீந்தி வந்து சொல்வாரா?"

அண்ணா ஒயரை இன்னொரு தடவை கழற்றி மாட்டினார்.

வெயில் தாழ்ந்தது. கடைசியாக ஒரு தடவை என்று, அண்ணா எழுதிவைத்த மெயிலை அனுப்பும் பட்டனைத் தட்டினேன். காபின் கூரையில் தொங்கிய விளக்கு ஆட ஆரம்பித்தது. இலைகூட அசையாத சாயங்காலம் அது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், படகே மெதுவாக ஏறி இறங்கியது, அண்ணா மேஜையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், இரைச்சல் துடைத்தாற்போலப் போய் எங்கோ தூரத்து நிலையம் கீச்சென்று பதில் கொடுத்தது. மெயில் போய்விட்டது!

கீழே அக்காவின் போன் ஒலித்தது. "'மத்தியானம் சாம்பார்ல உப்பு இல்ல'ன்னு எழுதியிருக்கார்! இதுக்கா இவ்ளோ பெரிய ரேடியோ?"

கொஞ்ச நேரத்தில் அக்காவின் பதிலும் எங்கள் திரைக்கு வந்தது: "உப்பு கடல்ல நிறைய கிடக்கு. போய்ப் போட்டுக்கோங்க. பத்திரமா வாங்க."

நான் துள்ளியதில் கூரையில் தலை இடித்தது. அண்ணா அழுதுகொண்டே சிரித்தார். அதற்குள் விளக்கின் ஆட்டம் நின்றுவிட்டிருந்தது.

"அண்ணா, படகு ஆடிச்சுல்ல?"

"மெயில் போச்சும்மா. அதோட விடு."

காலையில் டிரெய்லர் வந்தபோதுதான் பார்த்தேன். நீலப் பெயின்ட்டின் மேல், படகைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. ஒருநாளும் தண்ணீரைத் தொடாத படகு அது. யாரிடமும் சொல்லாமல், அந்தக் கோட்டின் மேலேயே மார்க்கரால் நாலு பக்கமும் குறித்துவைத்தேன்.

அந்தமான் வரை அக்காவுக்கு ஒருநாள்கூடத் தவறாமல் மெயில் வந்தது. அதை இன்றைக்கும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன். சொல்லாதது ஒன்று உண்டு. துறைமுகத்தில் கிரேன் படகை இறக்க, எல்லோரும் கைதட்ட, நான் மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது மெதுவாக ஏறி, நாலு பக்கமும், என் மார்க்கர் குறியில் வந்து நின்றது.