சைடு லாக் போடாத செவ்வாய்க்கிழமை

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். ஏழே காலுக்கு மூன்று இட்லி. ஏழு ஐம்பதுக்கு ஆரம்பாக்கத்திலிருந்து கிளம்பி, எட்டு இருபதுக்கு கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனிச் சந்தில் பைக்கை நிறுத்தினேன்.

வண்டி பதினான்கு வருடப் பழசு. கறுப்பு. ஆனாலும் தினமும் அதற்கு மூன்று காவல் உண்டு. சைடு லாக், முன்சக்கரத்தில் செயின், கடைசியாகப் பெட்ரோல் டேப்பை மூடுவது. டேப் மூடியிருந்தால் திருடன் எவ்வளவு தூரம் போய்விடுவான்?

அன்று மட்டும் முதல் இரண்டையும் போடவில்லை. காரணம், அதற்கு முந்தின நாள் திங்கட்கிழமை...

எங்கள் சந்தில் நான்கு கம்பெனி ஆட்கள் வண்டி நிறுத்துகிறோம். சரக்கு இறக்க டிரெய்லர் வந்தால், செக்யூரிட்டி முருகேசன் எல்லா வண்டிகளையும் எதிர்ப்பக்கம் தள்ளிவைப்பார். அதனால் யாரும் பூட்டுவதில்லை — என்னைத் தவிர. திங்களன்று என் வண்டி நகராததால் டிரெய்லர் இருபது நிமிடம் நின்றது. கம்பெனி ஸ்டோரில் வேலையாக இருந்த நான் சாவியோடு ஓடிவந்தபோது சந்தே சிரித்தது.

“இத்த எவன் சார் தூக்கினு போவான்? காயலாங்கடைக்காரனே வோணாம்பான்!” என்றார் முருகேசன். “நாளிக்கும் லாக் போட்டீங்கன்னா, வண்டியோட சேத்து உங்களையும் தள்ளிடுவேன்.”

மானம் போனது. செவ்வாயன்று பூட்டவில்லை. ஆனால் மனம் வேலையில் ஓடவில்லை. மறுநாள் என் மகளுக்குச் சென்னையில் வேலைக்கான இன்டர்வியூ. விடியற்காலை ரயிலுக்கு அவளை ஸ்டேஷனில் விட வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் தெருப் பக்கம் ஆட்டோ வராது. இந்த வண்டிதான்.

மாலை ஐந்தரை. வண்டிகள் எல்லாம் எதிர்ப்பக்கம் இருந்தன. டிரெய்லர் வந்துபோயிருக்கிறது. வரிசைக் கடைசியில் கறுப்பு வண்டி — அப்பாடா! சாவியைப் போட்டேன். திரும்பியது. டேப்பைத் திறக்கக் குனிந்தேன்.

ஏற்கெனவே திறந்திருந்தது.

டேப்பைத் திறந்துவிட்டுப் போகிற ஆளா நான்? அப்போதுதான் நம்பரைப் பார்த்தேன். என் வண்டி இல்லை. வரிசையை இரண்டு முறை நடந்து பார்த்தேன். என் வண்டி எங்குமே இல்லை. மகளிடம் என்ன சொல்வது?

முருகேசன் முகம் வெளுத்தது. “நான்தானே சார் லாக் போடாதீங்கன்னேன்... பேஜாரா பூட்ச்சே!”

போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினோம். சந்து முனையில் ஒருவர், வியர்க்க வியர்க்க, கறுப்பு வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்து கம்பெனி வெல்டர் இம்மானுவேல். ஆரணிக்காரர். தள்ளி வந்தது என் வண்டி!

“யாரு வண்டி சார் இது? மெயின் ரோடு ஏறச்சொல்ல ஆஃப் ஆயிட்ச்சு. பெட்ரோல் தீந்துபோச்சின்னு ஆட்டிப் பாத்தா சளக்கு சளக்குன்னுது. அப்பதான் புரிஞ்சிது, என் வண்டி இல்லன்னு. என் டேங்கு என்னிக்கு சார் ரொம்பிக்கீது?”

“யோவ், சாவி எப்பிடியா சேந்துது?” என்றார் முருகேசன்.

எடுத்துப் பார்த்தோம். வண்டிகள் ஒரே மாடல். இருவர் சாவிகளும் பல் தேய்ந்து மழுங்கியிருந்தன. அவர் சாவிக்கு என் வண்டி திறக்கிறது, என் சாவிக்கு அவர் வண்டி. சைடு லாக்குக்கும் அதே சாவிதான். இத்தனை வருடம் எதைப் பூட்டினேன்?

“நல்லவேள சார், நீங்க என் வண்டிய எடுத்துக்கினு போவல” என்றார் இம்மானுவேல்.

போயிருப்பேன். அவர் டேப்பும் என்னுடையதைப் போல் மூடியிருந்தால், வழக்கம்போல் திறந்துவிட்டு ஆரம்பாக்கம் வரை போயிருப்பேன். அவரைத் திருடன் என்று எழுதிக் கொடுக்கப் போனவன்தான் இதைச் சொல்கிறேன். மூன்று காவல் வைத்தவன் நம்பர் பிளேட்டைப் பார்க்கவில்லை.

அன்று மாலையே இருவரும் மெக்கானிக்கிடம் போய் லாக் செட்டை மாற்றினோம்.

மறுநாள் விடிகாலை. புதுச் சாவி. என் வீட்டு வாசல். நிற்பது ஒரே ஒரு வண்டி. நான் அதன் பின்னால் குனிந்து நின்றேன்.

“அப்பா, ரயிலு பூடும்பா! இன்னா பாக்குற?” என்றாள் மகள்.

நம்பர் பிளேட்டைப் படித்து முடித்துவிட்டுத்தான் சாவியைப் போட்டேன்.