தாங்கலுக்குச் சாணி கரைத்தவர்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் கழிவுநீர்த் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் இருக்கின்றன. அழுக்கைத் தின்று தண்ணீரைச் சுத்தம் பண்ணுவது அவைதான். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அவை உயிரோடு இருக்கின்றனவா இல்லையா என்று சொல்வது லேபில் என் வேலை. தொட்டியைக் கவனிக்கும் அண்ணன் அவற்றைப் பூச்சி என்பார். பூச்சிகள் சோர்ந்து தொட்டி நாற ஆரம்பித்தால், சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றுவார். எங்கள் பக்கத்துத் தொட்டிகளில் இது வழக்கமான வைத்தியம்.

தினமும் காலையில் என் மேஜைக்கு வந்து நிற்பார். "இன்னா மேடம், நம்ம பசங்க நல்லாகீறாங்களா?"

"இருக்காங்கண்ணா. நாஷ்டா எங்கேன்னு கேக்குறாங்க."

அவர் ஊரில் ஒரு தாங்கல் உண்டு. ஏரியைவிடச் சின்னது, மழையில் ஆறு பெருகினால் வாய்க்கால் வழியாக நிரம்பும். அவர் மனைவி ஊர்ப் பெண்கள் சிலரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துக்கொண்டு அதில் மீன்குஞ்சு விட்டிருந்தார். இந்த மழைக்கு வந்த வெள்ளம் புல்லும் குப்பையுமாகக் கொண்டுவந்து கொட்டியது. எல்லாம் அழுகி, தண்ணீர் பச்சையாகி நாறத் தொடங்கியது. வானமும் வெயிலைக் காட்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே போன்.

"மேடம், மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துகினு கீது. பேஜாராப் பூடுச்சு."

"தண்ணியில இன்னா போட்டீங்க?"

"நாத்தம் அடிச்சுதேன்னு சாணியும் வெல்லமும் கரைச்சு ஊத்தினேன். நம்ம தொட்டிக்குப் போட்ற மாதிரிதான்."

எனக்கு வந்ததே கோபம்! "அண்ணா, உங்களுக்கு அறிவிருக்கா? தொட்டியில பிளோயர் ராப்பகலா காத்தை உள்ள தள்ளுது. தாங்கல்ல இன்னா ஓடுது? பூச்சிங்க தின்னு பெருகி, இருந்த காத்தையெல்லாம் இழுத்துக்கிச்சு. மீனு எங்க போவும்? ஆயில் இன்ஜின் வெச்சுத் தண்ணிய மேல தூக்கி ஊத்துங்க. தண்ணிக்குள்ள காத்து போவணும்!"

வீட்டிலிருந்து கிளம்பி, மீஞ்சூரில் அவர் ஊருக்கு ரயில் ஏறினேன். வழியெல்லாம் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். அந்த அக்காவின் உழைப்பையெல்லாம் கெடுத்துவிட்டாரே!

கரையில் செத்த மீன்களைப் பெண்கள் அன்னக்கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட். மொண்டு, தலைக்கு மேல் தூக்கி, ஊற்றினார். மறுபடி மொண்டார். இன்ஜின் எடுத்துவர ஆள் போயிருந்ததாம். அதுவரை சும்மா நிற்க அவருக்கு மனசில்லை.

அவ்வளவு பெரிய தண்ணீருக்குப் பக்கெட் எந்த மூலைக்கு? திட்டுவதற்காகக் கரையோரம் போனேன்.

அவர் மனைவி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மீனைப் பற்றி அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"மீனு போனாப் போவட்டும்மா. விடிஞ்சதிலேர்ந்து இப்டியே ஊத்திகினு கீறாரு. மூச்சு வாங்குது பாரு. நான் சொன்னா கேக்கல. நீ சொன்னா கேப்பாரு. மேல வரச் சொல்லும்மா."

பார்த்தேன். வாய் திறந்திருந்தது, நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. அவரைச் சுற்றி மீன்களும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"அண்ணா, போதும்! தண்ணிக்குள்ள காத்து போயிடுச்சு. மேல வாங்க!" என்று கத்தினேன்.

அவர் பக்கெட்டோடு நின்று, சுற்றியிருந்த மீன்களைப் பார்த்தார். "நெசமாவா மேடம்? பசங்க பொழைச்சிக்குமா?"

மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் அவரிடம் நான் எதையும் சொன்னதில்லை.

"பொழைச்சிக்கும்ணா," என்றேன். அவர் பக்கெட்டைக் கரையில் போட்டுவிட்டு மேலே ஏறி வந்தார்.