தோசைக்கல் அளவு பல்சக்கரம்

சென்னையில் ஏறிப் பழக எங்களுக்குக் கிடைத்தது மேம்பாலம்தான். எங்கள் சைக்கிள் கூட்டம் ஞாயிறு விடிவதற்குள் அடையாறு மேம்பாலத்தில் மேலும் கீழும் ஓட்டும். அதுவும் கனமான கியரில், பல்லைக் கடித்துக்கொண்டு. லேசான கியருக்கு மாற்றினால் சிரிப்பார்கள். மூச்சு வாங்குவதற்குள் பாலம் முடிந்துவிடும். உடனே நமக்கு மலை ஏறத் தெரியும் என்று நினைத்துக்கொள்வோம். நானும் அப்படி நினைத்துக்கொண்டு, வியர்வை காயாமல் மாதா கோயில் பூசைக்கு ஓடியவள்தான்.

போன வருடம் ஏலகிரியில் என் முழங்கால் மறுத்துவிட்டது. பாதி மலைகூட ஏறவில்லை. இருப்பதிலேயே லேசான கியரில் போட்டும் பெடல் நகரவில்லை. இறங்கித் தள்ளினேன். கூடவே வந்த வேன் நின்றது, என் சைக்கிளைக் கூரையில் கட்டினார்கள். மேலே எல்லோரும் படம் எடுத்துக்கொண்டபோது நான் வேனுக்குள் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினேன்.

இந்த வருடம் மறுபடி ஏலகிரி. முதல் நாள் வேலூர் வரை, மறுநாள் மலை. கூட்டத்தை நடத்துகிற கேப்டன், என் வயதில் பாதிதான், போன் செய்தான்.

"அக்கா, இந்த வாட்டி நீங்க வேன்லயே வந்துடுங்க. வாழைப்பழம், தண்ணி எல்லாம் நீங்க பார்த்துக்கிட்டா எங்களுக்கு நிம்மதி."

"உன் நிம்மதிக்கா நான் சைக்கிள் வாங்கினேன்?" என்று போனை வைத்தேன்.

வைத்துவிட்டாலும் ஆறவில்லை. இந்த முறையும் மலையில் காலை ஊன்றினால் இனி எப்போதும் எனக்கு வாழைப்பழ வேலைதான். பள்ளிக்கூடத்து விடைத்தாள் ஒன்றைத் திருத்துவேன், எழுந்து நடப்பேன். அபிராமபுரம் வீட்டில் நடக்க எவ்வளவு இடம் இருக்கிறது? மறுநாள் சைக்கிளைத் தியாகராய நகருக்கு எடுத்துப் போனேன். துணிக்கடைப் பைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு சந்துக்குள் இருக்கும் சைக்கிள் கடையை அடைந்தேன்.

"பின்சக்கரத்துல இருக்கிறதுலயே பெரிய பல்சக்கரம் பத்தல. அதைவிடப் பெருசு போடு."

"இன்னாத்துக்குக்கா? மெட்ராஸ்ல இன்னா மலை கீது? ஸ்பீடு பூடும்."

"ஸ்பீடு போகட்டும். முட்டி போகக் கூடாது."

"செயின் பத்தாதுக்கா. நீளமா வேற போடணும்."

"செயினை நீட்டு. பேச்சைக் குறை."

கடைக்காரன் சிரித்துக்கொண்டே மாட்டினான். பின்னால் பல்சக்கரம் பெரிதானால் பெடல் லேசாகும், வேகம் குறையும். விஷயம் இவ்வளவுதான். இதில் என்ன கௌரவக் குறைச்சல் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மலையடிவாரத்தில் கேப்டன் என் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தான்.

"இன்னாக்கா, தோசைக்கல்லு கட்டிக்கினு வந்திருக்கீங்க? மேல போய் டிபன் கடை போடப் போறீங்களா?"

கூட்டம் சிரித்தது. முதல் வளைவுக்குள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். என் கால்கள் தையல் மெஷின் மாதிரி சுற்றின, சைக்கிள் மட்டும் ஊர்ந்தது. கைப்பிடிச் சுவர்மேல் ஒரு குரங்கு அவசரமே இல்லாமல் என்னோடு நடந்து வந்தது. எரிச்சலில் கனமான கியருக்கு விரல் போனது. விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். போன வருடம் இறங்கித் தள்ளிய இடம் வந்தது, போனது. பெடல் சுற்றிக்கொண்டே இருந்தது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, சுவர்மேல் கேப்டன் உட்கார்ந்திருந்தான். தொடைத் தசை பிடித்துக்கொண்டதில் முகம் கோணியிருந்தது. பக்கத்தில் சைக்கிள் சாய்ந்து கிடந்தது.

"அக்கா, பின்னாடி எத்தனை பல்லு போட்டிருக்கீங்க?"

அந்தத் தோசைக்கல் கேலிக்கு நல்ல காரமாக ஒரு பதில் அடிவாரத்திலிருந்தே தயாராக வைத்திருந்தேன். ஆனால் வாயைத் திறந்தால் மூச்சு போய்விடும், மூச்சு போனால் கால் தரையில். வளைவைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன்.

"அக்கா! நில்லுங்கக்கா, சொல்லிட்டுப் போங்க!"

நிற்பதாவது!