பால் வருவதற்கு முன்

என் தங்கை எங்கள் ஸ்டூடியோவில் போட்டோ எடுப்பவள். பாஸ்போர்ட் படத்துக்கு விறைத்துக்கொண்டு உட்காருகிறவர்களையும் இரண்டே வார்த்தையில் இளக வைத்துவிடுவாள். முகம் படிப்பதில் கில்லாடி. பிள்ளை பெற்ற பிறகு தன் முகமே அவளுக்குப் புரியாமல் போனது.

குழந்தை பாலுக்கு வாய் வைத்ததும் அவளுக்கு நெஞ்சு வெறிச்சென்று ஆகிவிடும். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை; எல்லாமே வீண் என்கிற ஒரு பாரம். அந்த நேரத்தில் நான் சிரித்தால்கூடக் கிண்டல் செய்வதாகத் தெரியும். சற்றைக்கெல்லாம் தானாகப் போய்விடும். அடுத்த முறை மறுபடியும் வரும்.

"எனக்கு இவளப் பிடிக்கலையோ என்னமோக்கா. பேசாம புட்டிப்பால் குடுத்துடறேன்," என்றாள்.

புட்டிப்பாலில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. பெற்ற பிள்ளையைத் தனக்குப் பிடிக்கவில்லை என்று அவள் நம்பியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அவள் புருஷன் எங்கள் ஸ்டூடியோவிலேயே கம்ப்யூட்டரில் படம் திருத்துகிறவர். மனைவிக்குத் தெம்பு வரட்டும் என்று, பால் கொடுக்கும்போது கேமராவை ஸ்டாண்டில் வைத்துத் தொடர்ச்சியாக எடுத்து, சிரித்த முகங்களை மட்டும் பொறுக்கிக் காட்டினார். தொழில் புத்தி எங்கே போகும்! அவள் இன்னும் இடிந்துபோனாள்.

"இது நான் இல்ல. மிச்சமெல்லாம் எங்க?"

"முகம் வாடினதெல்லாம் எதுக்கு? தனியா ஒதுக்கிட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். "கல்யாண ஆல்பமா போடுறீங்க தம்பி? எல்லாத்தையும் வரிசையாத் தெறங்க."

திறந்தார். குழந்தை சப்பத் தொடங்குகிறது. இவள் முகம் விழுகிறது. பிறகுதான் குழந்தை விழுங்குகிறது, வாயோரம் பால். இவள் முகம் மெல்லத் தெளிகிறது. கடைசியில் பிள்ளையைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை யாரும் சொல்லி வரவழைக்க முடியாது. மற்ற நாள் படங்களிலும் அதே வரிசைதான்.

"பால் வர்றதுக்கு முன்னாடிதான்க்கா அந்தப் பாரம் வருது," என்றாள் மெதுவாக.

டாக்டரம்மாவிடம் போனோம். "பால் இறங்குறப்போ உடம்புல ஒரு ஹார்மோன் சட்டுனு குறையும். அதனாலதான் சிலருக்கு மனசு அமுங்குதுன்னு நினைக்கிறோம். உங்க பாசத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நிறுத்தறதும் குடுக்கறதும் உங்க இஷ்டம்."

அவள் கொடுத்தாள். பாரம் நிற்கவில்லை, பயம் நின்றது. அந்த டாக்டரம்மாவுக்கும், ஒதுக்கிய படங்களை அழித்துத் தொலைக்காமல் வைத்திருந்த அந்த மனுஷனுக்கும் நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

நேற்று கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முகம் விழுந்தது. நான் பதறி எழுந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. குழந்தையின் தலையைத் தடவி, "இருடி தங்கம், இதோ வந்துடுச்சு உனக்கு," என்றாள்.